நார்த் டகோட்டாவில் ஓட்டுப் போடுவது எப்படி: பட்டியல் கிடையாது, முகவரிதான் எல்லாம்

தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, “வாக்காளர் பட்டியலில் பெயரை எங்கே சேர்ப்பது?” நார்த் டகோட்டாவில் இருந்தால் எங்கேயும் சேர்க்க வேண்டாம். வாக்காளர் பதிவு இல்லாத ஒரே அமெரிக்க மாநிலம் இதுதான். 1951இலேயே அதை எடுத்துவிட்டார்கள். பூத் சிலிப், அட்டை, பட்டியலில் பெயர் விடுபட்ட புலம்பல், எதுவும் கிடையாது. தேர்தல் நேரத்தில் நாடு தழுவிய இணையதளங்கள் “இன்றே பதிவு செய்யுங்கள்” என்று நச்சரிக்கும். அந்தப் படிவம் இந்த மாநிலத்தில் எதற்கும் உதவாது.

பட்டியல் இல்லாததால் எல்லாப் பாரமும் உங்கள் கையில் இருக்கும் ஒரே அட்டையின் மேல் விழுகிறது. சாவடியில் இருப்பவர் அதில் மூன்றைப் பார்ப்பார்: பெயர், பிறந்த தேதி, இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரி. முதல் இரண்டில் தகராறு வருவது அபூர்வம். திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றாவதில் சிக்கியவர்கள்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. பதிவு இல்லை என்பதால் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் போகலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்பது 2018இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியாக மாநில அரசியலமைப்பிலேயே ஏறிவிட்டது. குடியுரிமை இல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம். நாடு கடத்தல் வரை போகும். குடியுரிமை நேர்காணலில் இதைத் தனியாகவே கேட்பார்கள். நகரசபை, பள்ளிக் குழுத் தேர்தல்களுக்கும் இதே விதிதான்.

முதல் வேலை: அட்டையைச் சரிசெய்தல்

ஏற்கப்படுபவை சில மட்டுமே. நார்த் டகோட்டா ஓட்டுநர் லைசென்ஸ், வண்டி ஓட்டாதவர்களுக்கு மாநிலம் தரும் அடையாள அட்டை, பழங்குடி அரசுகள் தரும் அட்டை ஆகியவைதான் பொதுவாகப் பயன்படுகின்றன. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. ஓட்டுநர் அல்லாதோர் அட்டை வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களுக்கு இலவசம். ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கிக் குடியுரிமையும் பெற்றுவிட்ட பெற்றோருக்கு இதைத்தான் எடுக்க வேண்டும்.

அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, அதில் வீட்டு முகவரி அச்சாவதில்லை. பக்கத்து மாநில லைசென்ஸும் செல்லாது. ஃபார்கோவில் குடியேறி ஆறு மாதம் ஆகியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மோர்ஹெட்டில் வாங்கிய மினசோட்டா லைசென்ஸையே வைத்திருப்பவர் தேர்தல் நாளன்று வெறுங்கையோடு நிற்பதற்குச் சமம்.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. குடிமக்கள் அல்லாதவர்களுக்குக் கொடுக்கும் லைசென்ஸில் அதைக் காட்டும் குறி இருக்கும். சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டோம் என்று அந்தப் பழைய அட்டையோடு சாவடிக்குப் போனால் சிக்கல்தான். குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் பதிவைத் திருத்துங்கள், பிறகு போக்குவரத்துத் துறைக்குப் போய் புது லைசென்ஸ் வாங்குங்கள். இந்த வரிசை முக்கியம். லைசென்ஸ் அலுவலகம் சோஷியல் செக்யூரிட்டிப் பதிவோடுதான் ஒத்துப் பார்க்கும்.

நம் பெயர்களில் இது இன்னும் கூர்மையாகக் குத்தும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால், விசா காலத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று லைசென்ஸில் ஏறியவர்கள் நிறைய. குடியுரிமை வாங்கும்போதே பலர் பெயரைச் சீராக்கிக்கொள்கிறார்கள்: அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது, இனிஷியல் விரிகிறது. சான்றிதழில் ஒரு பெயர், லைசென்ஸில் எஃப்என்யூ என்று விட்டுவைக்காதீர்கள்.

முகவரிக்கு வருவோம். தேர்தல் நாளுக்கு முன் குறைந்தது 30 நாள் அந்த வாக்குச்சாவடிப் பகுதியில் குடியிருந்திருக்க வேண்டும். மாநிலத்துக்குள்ளேயே வீடு மாறி 30 நாள் ஆகவில்லையென்றால் பழைய பகுதியில் போய்ப் போட வேண்டும். அடுக்ககத்தில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாறினாலும் அட்டையில் எண் மாற வேண்டும். முகவரி மாற்றத்தைப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலேயே செய்துவிடலாம். சாவடிக்குப் போன பிறகுதான் அட்டையில் பழைய முகவரி இருப்பது தெரிகிறதா? பெயரும் புது முகவரியும் உள்ள துணை ஆவணம் ஒன்று கைகொடுக்கும். மின்சாரம் அல்லது தண்ணீர் பில், வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, அரசு அலுவலகக் கடிதம் இவற்றில் ஒன்று. ஆனால் இந்த ஆவணம் அட்டைக்குத் துணையாகத்தான் வரும், அட்டைக்குப் பதிலாக வராது.

கிராமப்புறத்தில் இருப்பவர்களுக்குத் தபால் பெட்டி எண் ஒரு பெரிய பொறி. பல சிற்றூர்களில் வீட்டுக்குத் தபால் வராது; எல்லாரும் தபால் நிலையத்தில் பெட்டி வைத்திருப்பார்கள், லைசென்ஸிலும் அதையே கொடுத்திருப்பார்கள். பெட்டி எண் வீட்டு முகவரி ஆகாது. ஒவ்வொரு கவுன்டியிலும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அவசர உதவிக்கான 911 முகவரிகளை ஒதுக்கும் ஒருங்கிணைப்பாளர் உண்டு. அவரைக் கூப்பிட்டு உங்கள் வீட்டுக்கான தெரு முகவரியைக் கேட்டு வாங்கி, அட்டையில் அதை ஏற்றுங்கள். 2018இல் இந்த முகவரி விதி உச்ச நீதிமன்றம் வரை போனது. அக்டோபரில் நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஸ்டேண்டிங் ராக், டர்டில் மவுன்டன் போன்ற பழங்குடி ஒதுக்கிடங்களில் தெருப் பெயரே இல்லாத வீடுகள் ஏராளம். தேர்தலுக்குச் சில வாரமே இருந்த நிலையில், பழங்குடி அரசுகள் வீட்டு முகவரியோடு புது அட்டைகளை அவசர அவசரமாக அச்சிட்டுக் கொடுத்தன. 2020இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அந்த வாக்காளர்கள் தங்கள் வீடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக் காட்டலாம்.

எந்தப் பதவிக்கு யார், எப்போது

வாஷிங்டனுக்குப் போகும் பிரதிநிதிகள் மூவர்தான்: ஆறு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வாகும் செனட்டர்கள் இருவர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்வாகும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர். 2020 கணக்கெடுப்பில் 7,79,094 பேர். ஆகவே முழு மாநிலமும் ஒரே தொகுதி. 1970 கணக்கெடுப்புக்குப் பிறகு இரண்டாவது இடம் பறிபோனதிலிருந்து இப்படித்தான். ‘என் தொகுதி எது’ என்று தேடவே வேண்டாம்.

மாநில நிர்வாகப் பதவிகள் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கின்றன. ஆளுநரும் துணை ஆளுநரும் ஒரே சீட்டில் சேர்ந்து நிற்பார்கள். அவர்களோடு கருவூலர், தணிக்கையாளர், காப்பீட்டு ஆணையர், பள்ளிக் கல்விக் கண்காணிப்பாளர் ஆகியோர் அதிபர் தேர்தல் ஆண்டில் வருவார்கள். 2024இல் கெல்லி ஆம்ஸ்ட்ராங் ஆளுநரானது அந்தச் சுற்றில். தலைமை வழக்கறிஞர், மாநிலச் செயலர், வேளாண் ஆணையர், வரி ஆணையர் ஆகியோர் இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவே வரும் இடைக்காலத் தேர்தலில், அதாவது 2022, 2026 என்று வருவார்கள். பொதுச்சேவை ஆணையர்கள் மூவர். ஆறு ஆண்டுப் பதவி. ஒவ்வொரு தேர்தலிலும் ஓர் இடமாவது வாக்குச்சீட்டில் இருக்கும். கல்விக் கண்காணிப்பாளருக்கும் நீதிபதிகளுக்கும் கட்சிப் பெயர் இருக்காது.

இங்கே ஆளுநர் என்றால் சென்னை ராஜ்பவன் நினைவுக்கு வரக்கூடாது. நம் முதலமைச்சரின் வேலையைச் செய்பவர் அவர், மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர்.

‘வேளாண் ஆணையர் யாராக இருந்தால் எனக்கென்ன’ என்று கடந்துபோகிறவர்கள் அதிகம். தவறு. ஆளுநர், தலைமை வழக்கறிஞர், வேளாண் ஆணையர் மூவரும் சேர்ந்ததுதான் தொழில் ஆணையம். 1919இல் தொடங்கிய பேங்க் ஆஃப் நார்த் டகோட்டா என்ற மாநில அரசு வங்கியும், கிராண்ட் ஃபோர்க்ஸில் 1922இலிருந்து ஓடும் அரசு மாவு ஆலையும், மேற்கே எண்ணெய்க் கிணறுகளுக்கான விதிகளும் இந்த மூவர் கையில். பெரிய வங்கிகளிடமும் தானிய வியாபாரிகளிடமும் சிக்கித் தவித்த விவசாயிகள், 1915இல் உருவான ‘நான்பார்ட்டிசன் லீக்’ என்ற இயக்கத்தின் மூலம் ஆட்சியைப் பிடித்து உருவாக்கியவை இவை. அந்த இயக்கம் 1956இல் ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது. அதனால்தான் வாக்குச்சீட்டில் இன்றும் ‘டெமாக்ரடிக்-என்பிஎல்’ என்று இருக்கிறது.

பொதுச்சேவை ஆணையமும் அப்படித்தான். மின்கட்டணம், எரிவாயுக் கட்டணம், குழாய்ப் பாதைக்கு அனுமதி எல்லாம் அங்கே. கரியமில வாயுவைக் கொண்டுசெல்லப் பல மாநிலங்கள் வழியாக வரும் சம்மிட் கார்பன் குழாய்த் திட்டத்தை 2023 ஆகஸ்டில் மறுத்ததும், மாற்றிய பாதைக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்ததும் அந்த ஆணையம்தான். வீட்டுச் சொந்தக்காரர்களுக்குச் சொத்து வரியில் 1,600 டாலர் வரை கிடைக்கும் சலுகையை நடத்துவது வரி ஆணையர் அலுவலகம். இந்தப் பெயர்களை முன்கூட்டிப் பார்த்து வைக்காமல் போனால், சாவடியில் நின்றுகொண்டு பெயரின் ஓசையை வைத்துக் குத்த வேண்டியதுதான்.

ஜூன் மாதத்தைத் தவறவிடாதீர்கள்

எல்லார் கண்ணும் நவம்பரில் இருக்கும். இந்த மாநிலத்தில் பல பதவிகள் உண்மையில் முடிவாவது ஜூன் இரண்டாம் செவ்வாய்க்கிழமை நடக்கும் ப்ரைமரியில், அதாவது கட்சிகளின் வேட்பாளர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில். 2026இல் அது ஜூன் 9. பொதுத் தேர்தல் நவம்பர் 3. 2012இல் ஹைடி ஹைட்காம்ப் 3,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் செனட்டரானார். அதற்குப் பிறகு மாநிலம் முழுவதற்குமான கட்சிப் பதவி எதிலும் டெமாக்ரடிக்-என்பிஎல் வேட்பாளர் வென்றதில்லை. அப்படியானால் குடியரசுக் கட்சிக்குள் யார் என்பதுதான் பெரும்பாலும் போட்டி. நீங்கள் எந்தப் பக்கம் சாய்பவராக இருந்தாலும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் ஜூன் சீட்டை எடுக்க வேண்டும்.

அதற்கு முன் வசந்த காலத்தில் கட்சி மாநாடுகள் கூடி ஒருவருக்கு ஆதரவுச் சான்று தரும். செய்தித்தாளில் “இன்னார் தேர்வானார்” என்று வருவதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. மாநாட்டில் தோற்றவரும், மாநாட்டுக்கே போகாதவரும், கையொப்பம் திரட்டி ப்ரைமரியில் நிற்கலாம். மாநிலப் பதவிக்கு 300 கையொப்பம் போதும். 2016இல் ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சி மாநாடு வேய்ன் ஸ்டெனஜெமை ஆதரித்தது, ஜூனில் வென்றவர் டக் பர்கம். 2024இல் பிரதிநிதிகள் சபை இடத்துக்கு மாநாட்டு ஆதரவு அலெக்ஸ் பலாஸுக்கு, மக்கள் தேர்ந்தெடுத்தது ஜூலி ஃபெடோர்சாக்கை.

ஜூன் சீட்டில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கட்சி உறுப்பினராகப் பதிவு செய்யும் வழக்கம் இங்கே இல்லை. எல்லாருக்கும் ஒரே சீட்டு. அதில் கட்சிகள் பக்கம் பக்கமாகப் பத்திகளில் இருக்கும். ஆளைப் பார்த்துப் போடுவோம் என்று, ஆளுநருக்கு ஒரு பத்தியிலும் வரி ஆணையருக்கு அடுத்த பத்தியிலும் வட்டத்தை நிரப்பினால், கட்சிப் பகுதியில் நீங்கள் போட்ட அத்தனை ஓட்டும் செல்லாது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதற்குள்ளேயே இருங்கள். எந்தப் பத்தி என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் செல்லாமல் போனாலும், கட்சி சாராத பதவிகளுக்கும் மக்கள் வாக்கெடுப்புகளுக்கும் போட்டவை எண்ணப்படும். நவம்பரில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பதவிக்குப் பதவி கட்சி மாற்றிப் போடலாம்.

சீட்டைத் திருப்பிப் பாருங்கள். மக்கள் வாக்கெடுப்புக் கேள்விகள் பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும். நாடாளுமன்ற வேட்பாளர்களுக்கு வயது வரம்பு விதிக்கும் திருத்தம் 2024 ஜூன் ப்ரைமரியில்தான் நிறைவேறியது.

போடும் வழிகள்

தபால் ஓட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். கவுன்டியில் தேர்தலை நடத்தும் அதிகாரியான கவுன்டி ஆடிட்டருக்கு விண்ணப்பம் அனுப்பினால் போதும். ப்ரைமரி, பொதுத் தேர்தல் இரண்டுக்கும் சேர்த்தே கேட்கலாம். லைசென்ஸ் எண்ணைச் சரியாக எழுதுங்கள். தேர்தலுக்கு 40 நாள் முன்பிருந்து சீட்டுகள் புறப்படும்.

வந்த உறையில் சீட்டு, ரகசிய உறை, திருப்பி அனுப்பும் உறை இருக்கும். சீட்டை ரகசிய உறைக்குள் வைத்து, அதைத் திருப்பும் உறைக்குள் வைத்து, வெளியுறையில் உள்ள உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை உங்கள் விண்ணப்பத்தில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். தமிழில் கையெழுத்துப் போடும் வழக்கம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் இரண்டு இடத்திலும் தமிழிலேயே போடுங்கள். விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் நிதானமாக எழுதிவிட்டு உறையில் தமிழில் கிறுக்கினால் இரண்டும் வேறு ஆள் போலத்தான் தெரியும். கணவன் மனைவி இருவர் சீட்டும் ஒரே நாளில் வந்தால், உறை மாறிப் போவது இன்னொரு வழக்கமான விபத்து. ஒருவர் முடித்து ஒட்டிய பிறகு அடுத்தவர் பிரியுங்கள்.

தேர்தலுக்கு முந்தின நாள் தேதியோடு தபால் முத்திரை இருந்தால் போதும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அந்த விதி 2025இல் மாறிவிட்டது. தேர்தல் நாளன்று வாக்குப்பதிவு முடிவதற்குள் சீட்டு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சிற்றூர்த் தபால் வேறு ஊருக்குப் போய்ப் பிரிந்து திரும்பி வரும் என்பதால், பத்து நாள் முன்பே அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். தாமதமாகிவிட்டதென்றால், முந்தின வேலைநாளுக்குள் கவுன்டி ஆடிட்டர் அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிடுங்கள். சீட்டு போய்ச் சேர்ந்ததா என்பதை மாநிலச் செயலரின் தளத்தில் பார்க்கலாம்.

சில கவுன்டிகள் தேர்தலுக்கு 15 நாள் முன்பிருந்தே நேரில் போட இடம் திறக்கும். சில கவுன்டிகளில் தபால் ஓட்டே பிரதானம். அங்கேயும் தேர்தல் நாளன்று ஒரு சாவடியாவது திறந்திருக்கும். ஆனால் அது நாற்பது ஐம்பது மைல் தள்ளி இருக்கலாம். நவம்பர் முதல் வாரத்தில் பனி பெய்து சாலை வழுக்குவது இங்கே செய்தியே அல்ல. ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தபாலைத்தான் பரிந்துரைப்போம்.

சாவடி நேரம் கவுன்டிக்குக் கவுன்டி சற்று மாறும். மேற்கே டிக்கின்சன் பக்கம் மலை நேரம். அங்கே ஏழு மணி என்றால் பிஸ்மார்க்கில் எட்டு. எண்ணெய் வயல் வேலைக்குப் போய்விட்டு நேரக்கோட்டைத் தாண்டி வீடு திரும்புகிறவர்கள் கைப்பேசி காட்டும் மணியை நம்பி ஏமாற வேண்டாம். பல கவுன்டிகளில் கவுன்டிக்குள் எந்த மையத்திலும் போடலாம். உங்கள் கவுன்டி அப்படியா என்று முன்பே பாருங்கள். மாதிரி வாக்குச்சீட்டும் மாநிலச் செயலரின் தளத்தில் கிடைக்கும். ஃபார்கோ தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடும் விளம்பரங்களில் பாதி மினசோட்டா வேட்பாளர்களுடையது. அவர்கள் பெயர் உங்கள் சீட்டில் இருக்காது.

சாவடியில்

அட்டையைக் காட்டுவீர்கள், மின்னணுப் பதிவேட்டில் பார்ப்பார்கள் (இது நாம் முன்பதிவு செய்யும் வாக்காளர் பட்டியல் அல்ல), காகிதச் சீட்டைத் தருவார்கள். சின்னம் இருக்காது, விரலில் மையும் வைக்க மாட்டார்கள். சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே. பெரியவர்களுக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால், அவர்கள் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். வேலை தரும் முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ கூடாது. கட்சித் தொப்பி, பேட்ஜ், டிஷர்ட் வேண்டாம்.

பெயருக்கு அருகே உள்ள நீள்வட்டத்தை முழுவதும் நிரப்புங்கள். டிக், பெருக்கல் குறி எல்லாம் ஸ்கேனருக்குப் புரியாமல் போகலாம். ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் இருவரை நிரப்பிவிட்டால் அடித்துத் திருத்தாதீர்கள். பாழான சீட்டைத் திருப்பிக் கொடுத்துப் புதிது கேளுங்கள். சாவடியில் ஸ்கேனர் இப்படிப்பட்ட பிழையைச் சொல்லும், நீங்கள் அங்கேயே நிற்பதால் சரிசெய்யலாம். தபாலில் அந்த வாய்ப்பு இல்லை. எல்லாப் பதவிக்கும் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெறுமையாக விட்டவற்றால் மற்ற ஓட்டுகள் கெடாது.

அட்டை இல்லை, அல்லது செல்லாது என்றாலும் பேசாமல் திரும்பி வராதீர்கள். தனியாக வைக்கப்படும் சீட்டு ஒன்று கேளுங்கள். அதில் வாக்களித்துவிட்டு வந்தால் உறையிலிட்டு ஒதுக்கி வைப்பார்கள். கவுன்டியின் வாக்குச் சரிபார்ப்புக் குழு கூடுமுன் உரிய அட்டையை ஆடிட்டர் அலுவலகத்தில் காட்டினால்தான் அது எண்ணப்படும். குழு என்றைக்குக் கூடுகிறது, அலுவலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்ற இரண்டையும் சாவடியை விட்டு வெளியே வருமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.